சோற்றுக்கைக்குப் போகும் வாய்க்கால்

தஞ்சைப் பக்கத்து வீடுகளில் வலது கைக்குப் பெயர் சோற்றுக்கை. ஆறு மாதக் குழந்தையின் முன்னே கிலுகிலுப்பையை ஆட்டுகிறார்கள். குழந்தை இடது கையை நீட்டுகிறது. “சோத்துக்கையை நீட்டுடி தங்கம்” என்கிறாள் பாட்டி. பொம்மையை வலப்பக்கம் மாற்றிப் பிடித்தாலும் உடம்பைத் திருப்பிக்கொண்டு இடது கைதான் வருகிறது. வலது கை, கட்டைவிரலை உள்ளே வைத்து மூடியபடி விலாவோடு ஒட்டிக் கிடக்கிறது. எடக்கைப் பழக்கம் என்று ஒரு மாதம் போகிறது. தாத்தா வழியில் யாருக்கோ அந்தப் பழக்கம் இருந்தது நினைவுக்கு வர, இன்னொரு மாதம் போகிறது. தவழும் வயதில் ஒரு பக்கத்தை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார்கள்.

கைப்பழக்கம் அந்த வயதில் அமைவதில்லை. இடது கைக்காரராக வளரப்போகும் குழந்தையும் முதல் ஆண்டில் இரண்டு கைகளையும் கலந்தே நீட்டும். ஆறு மாதத்தில் ஒரு கை மட்டும் முந்துகிறதென்றால் மற்ற கைக்கு ஏதோ வந்து சேரவில்லை. இப்படிப்பட்ட பல குழந்தைகளுக்கு, பிறப்பை ஒட்டிய நாட்களிலேயே மூளைக்குள் காரியம் நடந்து முடிந்திருக்கும். மருத்துவர்கள் அதைப் பக்கவாதம் என்கிறார்கள். முதியவர்களைப் படுக்கையில் தள்ளும் அதே நோய்தான்: ரத்தக்கட்டி ஒன்று மூளைத் தமனியை அடைக்கிறது, அதை நம்பியிருந்த பகுதி சாகிறது. ஏறத்தாழ 2,300 முதல் 5,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இது நேர்கிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் கணக்குச் சொல்கின்றன.

கருவில் இருக்கும் குழந்தையின் இதயத்தில் வலது மேலறைக்கும் இடது மேலறைக்கும் நடுவே ஒரு திறப்பு உண்டு. நஞ்சுக்கொடியில் உண்டாகும் கட்டி, தொப்புள்கொடி வழியாக வந்து, அந்தத் திறப்பில் நுழைந்து, நுரையீரல் பக்கம் போகாமலேயே கழுத்துத் தமனியில் ஏறிவிட முடியும். பெரும்பாலும் அது போய்ச் சேருவது இடப்பக்க மூளைக்கு. இடப்பக்க மூளை ஆள்வது வலது கையை. அதனால்தான் சோற்றுக்கை அதிகம் அடிபடுகிறது.

அடைப்பு முதல் நாளில்; அறிகுறி ஆறாம் மாதத்தில். இந்த இடைவெளியைக் காவிரிப் படுகைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. கல்லணையில் ஒரு மதகு இறங்கினால் தலைஞாயிற்றுப் பக்கத்துக் கடைமடை வயலுக்கு அது அன்றைக்கே தெரியாது. வாய்க்காலில் மிச்சம் இருக்கும் தண்ணீர் ஓடி முடிய வேண்டும், சேறு வெடிக்க வேண்டும், நாற்று பழுக்க வேண்டும். குறை தெரிவது கடைமடையில், நடந்தது தலைமடையில். குழந்தையின் கையும் அப்படித்தான். எட்டிப் பிடிக்கும் வேலை வராதவரை அந்தக் கை விளங்குமா விளங்காதா என்று யாருக்கும் தெரிவதில்லை. இந்த நோயை மனிதர்கள் புரிந்துகொண்ட கதை, கடைமடையில் நின்றுகொண்டிருந்த கண்ணை மெல்ல மெல்லத் தலைமடைக்கு நகர்த்திய கதை. அதில் தஞ்சை மண்ணுக்கும் பங்கு உண்டு.

பழைய வைத்தியர்கள் கவனிக்காமல் விடவில்லை. குழந்தை நோய்களுக்கென்றே பாலவாகடம் என்று சித்த மருத்துவத்தில் தனிப் பிரிவு உண்டு. மாந்தம், கணம், தோடம் என்று அதில் வகைகள் பிரிந்துபோகும். குழந்தைகளுக்கு வரும் இழுப்பை அவர்கள் கண்டு எழுதினார்கள். உரைமருந்து கொடுத்தார்கள், பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பைச் சுட்டு இழைத்தார்கள். சில ஊர்களில் சூடும் போட்டார்கள். இழுப்பு நின்றதும் நோய் போய்விட்டதாக நம்பினார்கள். அந்த இழுப்பும் ஆறு மாதம் கழித்து மடங்கிக் கிடந்த கையும் ஒரே நோயின் இரண்டு முனைகள் என்று சேர்த்துப் பார்க்க அவர்களிடம் வழி இல்லை. அந்த இரண்டையும் இணைக்கும் பாதை மண்டையோட்டுக்குள் இருந்தது.

இந்த வைத்தியம் நடந்துகொண்டிருந்த நாட்களில் தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு வழி திறந்தது. டேனியர் வசம் இருந்த அந்த ஊருக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் க்ரூண்ட்லர், தமிழ் வைத்தியத்தைப் பற்றி 1711இல் ஒரு நூல் எழுதினார். அவரைப் போன்றவர்களுக்குத் தாய்வீடு ஜெர்மனியின் ஹாலே நகரம். அங்கே படித்து 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஷ்வார்ட்ஸ் பாதிரியார்தான் பின்னாளில் தஞ்சை அரண்மனைப் பிள்ளை சரபோஜிக்கு ஆசானும் காவலருமாக ஆனார்.

இரண்டாம் சரபோஜி 1798இல் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பெனி கைக்குப் போனது. கோட்டையும் சுற்றுப்புறமும் மட்டும் அவருக்கு மிஞ்சின. அரியணையில் இருந்த 34 ஆண்டுகளை அவர் புத்தகத்திலும் மருத்துவத்திலும் செலவிட்டார். தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி, ஐரோப்பிய மருத்துவம் என்று பல முறைகளின் வைத்தியர்களைக் கூட்டி வைத்தார். சோதித்த மருந்துகள் தமிழ்ச் செய்யுள்களாகத் திரண்டன. அவை ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று நோய்வாரியாகப் பின்னாளில் அச்சேறின. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் உரிய வைத்தியம் அதில் தனியாகவே உண்டு. கண் நோயாளிகளின் விவரங்களை, கண்ணைப் படமாக வரைந்து, அவர் பதிவு செய்து வைத்தார். அந்த ஏடுகள் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. நோயாளியின் உறுப்பைப் படமெடுத்துக் கோப்பில் வைப்பது இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் சாதாரணம். தஞ்சையில் அது 200 ஆண்டுகளுக்கு முன்பே தூரிகையால் நடந்தது.

கண்ணை வெளியிலிருந்து வரையலாம். மூளையை எப்படி வரைவது? சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தில் இதற்கு ஒரு பழைய விடை தொங்குகிறது. பிரெஞ்சு ஓவியர் ஷார்ல் லெ ப்ருன் 17ஆம் நூற்றாண்டில் வரைந்த முகப்படங்களின் அச்சுகள் அவை: ஆந்தைக்கு அருகே ஆந்தை முக மனிதன், ஆட்டுக்கு அருகே ஆட்டு முக மனிதன். முகத்தின் அமைப்பைக் கொண்டு உள்ளே இருக்கும் குணத்தைப் படிக்கலாம் என்ற நம்பிக்கையில் வரைந்தவை. உள்ளே பார்க்க வழியில்லாத காலம், வெளியே இருந்ததை வைத்து உள்ளே இருப்பதை ஊகித்தது.

சரபோஜி தன் நூலகத்தை நிரப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவருடைய ஆசான் படித்த ஹாலே நகரில் யோஹான் கிறிஸ்டியன் ரைல் என்ற பேராசிரியர் வேறு வழியில் போனார். இறந்தவர்களின் மூளையைச் சாராயத்தில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தி, அதன் வெண்பொருளை இழை இழையாக உரித்துப் பார்த்தார். 1809 வாக்கில் அவர் எழுதிய கட்டுரைகளில் மூளையின் வெண்பகுதி, திசை உள்ள நூல் கற்றைகளாகத் தெரியத் தொடங்கியது. மூளையின் பக்கவாட்டில் மடிப்புக்குள் புதைந்திருக்கும் ஒரு பகுதிக்கு இன்றும் ‘ரைலின் தீவு’ என்று பெயர். நடுப் பெருமூளைத் தமனி அந்தத் தீவின் மேல்தான் கிளை பிரிகிறது, முக்கொம்பில் காவிரி பிரிந்து திருவரங்கத்தைச் சூழ்வது போல. பிறந்த குழந்தைகளின் பக்கவாதத்தில் பெரும்பாலும் அடைபடும் தமனியும் அதுவே.

அடுத்த இரண்டு படிகளும் ஐரோப்பாவில் நடந்தவை. 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிவிட்டுக் காத்திருந்தார். வெட்டிய இடத்துக்குக் கீழே இருந்த நீளம் முழுவதும் சிதைந்து துண்டுதுண்டாகிப் போனது. தலைமடையை அடைத்தால் வாய்க்கால் கடைசிவரை தூர்ந்துபோகும் என்பதற்கு அது தெளிவான சான்று; அந்தச் சிதைவு இன்றும் வாலரின் பெயரால் வழங்குகிறது. 1876இல் பால் ஃப்ளெக்ஸிக், கருவிலும் பிறந்தவுடனும் இறந்த குழந்தைகளின் மூளைகளைப் பார்த்து, நரம்பிழைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கொழுப்புறை போர்த்திக்கொள்வதில்லை, அதற்கு ஒரு வரிசை உண்டு என்று காட்டினார். கையையும் காலையும் இயக்கும் கற்றை, நிறைமாதக் குழந்தையிடம் ஓரிடத்தில் ஏற்கெனவே உறை போட்டிருக்கும். இந்தச் சின்ன உண்மை 100 ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பெரிதாக உதவப் போகிறது.

இவர்கள் எல்லோரும் பார்த்தது உயிர் போன பிறகு. லண்டனில் 1861இல் வில்லியம் லிட்டில், குழந்தைகளின் கைகால் விறைப்புக்குக் கடினமான பிரசவத்தைக் காரணம் காட்டினார். வியன்னாவில் 1897இல் சிக்மண்ட் ஃப்ராய்ட் அதை மறுத்தார். கேடு பிரசவத்துக்கு முன்பே நேர்ந்திருக்கலாம், கடினமான பிரசவமே அந்தக் கேட்டின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பது அவர் கருத்து. உயிருள்ள குழந்தையின் மூளையைப் பார்க்க முடியாததால் வழக்கு அப்படியே நின்றது.

இந்த இடத்தில் காவிரிப் படுகை மறுபடியும் கதைக்குள் வருகிறது. ஞானசம்பந்தர் குழந்தையாய்ப் பால் உண்டதாகச் சொல்லப்படும் சீர்காழியில் 1922இல் பிறந்தவர் பி. ராமமூர்த்தி. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நரம்பு அறுவை பயின்று திரும்பிய அவர், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். மறு ஆண்டு, வேலூரின் ஜேக்கப் சாண்டியோடும் வேறு இருவரோடும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தைச் சென்னையில் நிறுவினார். அந்தக் காலத்தில் மூளைக்குள் பார்க்க இரண்டே வழிகள். வால்டர் டேண்டி 1918இல் சொல்லித்தந்தபடி மூளையின் அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது ஒன்று. ஈகாஸ் மோனிஸ் 1927இல் காட்டியபடி கழுத்துத் தமனியில் சாயம் ஏற்றிப் படமெடுப்பது மற்றொன்று. இரண்டும் பெரியவர்களுக்கே வேதனை தருபவை, ஆபத்தும் உண்டு. பிறந்து மூன்று நாளான குழந்தையை அதற்கு உட்படுத்த யார் துணிவார்?

எக்ஸ்ரே நிழல்களைக் கோர்த்து உள்ளே இருப்பதைக் குறுக்குவெட்டாக மீட்டெடுக்கும் கணக்குக்கும் ஒரு சென்னைத் தொடர்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் இயற்பியல் துறையை நடத்திய ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971இல் வெளியிட்ட கட்டுரை, அந்த மீட்டெடுப்பை விரைவாகச் செய்ய ஒரு வழி சொன்னது. சிடி ஸ்கேன் கருவிகளில் பின்னாளில் பரவலாக நிலைத்த முறைக்கு அது அடிப்படைகளில் ஒன்று. அதே 1971 அக்டோபரில் லண்டனில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது.

குழந்தைகளுக்கு அதைவிட எளிய வாசல் ஒன்று ஏற்கெனவே திறந்தே இருந்தது. தஞ்சைப் பாட்டிகள் குளிப்பாட்டி முடித்ததும் எண்ணெய் வைத்து மெல்ல அழுத்தும் உச்சிக்குழி. எலும்பு மூடாத அந்த இடத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தால் ஒலி உள்ளே போகும். 1970களின் இறுதியிலிருந்து பிறந்த குழந்தைகளின் மூளையை அந்த வழியே பார்க்கத் தொடங்கினார்கள். மூளையின் நடுவே நிகழும் ரத்தக்கசிவு அதில் நன்றாகத் தெரியும். ஓரத்தில், மேல்மடிப்பில் நேரும் பக்கவாதம் எளிதில் தப்பிவிடும்.

விடை தண்ணீரிலிருந்து வந்தது. எம்ஆர்ஐ கருவி உடம்பில் இருக்கும் தண்ணீரின் அணுக்களோடு பேசும் கருவி. அந்தத் தண்ணீர் நிற்கும் இடத்தை மட்டுமல்லாமல், அது அசையும் விதத்தையும் படமாக்கலாம் என்று 1980களின் நடுவில் பிரான்ஸின் டெனி லெ பியான் காட்டினார். தேங்கிய குளத்தில் ஒரு சொட்டு மை விட்டால் அது வட்டமாகப் பரவும். ஒடுங்கிய வாய்க்காலில் விட்டால் நீளவாக்கில் ஓடும். நரம்பிழைக்குள் இருக்கும் தண்ணீர் வாய்க்கால் தண்ணீர். இழையின் சுவரும் கொழுப்புறையும் அதற்குக் கரை. பல திசைகளில் அந்த அசைவை அளந்தால், ஒவ்வொரு புள்ளியிலும் இழை எந்தப் பக்கம் போகிறது என்று கணக்கிடலாம். 1994இல் பீட்டர் பாஸர், மாட்டியெல்லோ, லெ பியான் மூவரும் அந்தக் கணக்கை முறைப்படுத்தினார்கள். அதற்கு டிஃப்யூஷன் டென்சர் இமேஜிங் என்று பெயர். ஆஸ்பத்திரிப் பேச்சில் டிடிஐ. 1999 வாக்கில் புள்ளிகளைச் சேர்த்து இழைக் கற்றையையே திரையில் வரையத் தொடங்கினார்கள். இடவலமாக ஓடுபவை சிவப்பு, முன்பின்னாக ஓடுபவை பச்சை, மேலிருந்து கீழே இறங்குபவை நீலம். மூளையின் மேற்பரப்பிலிருந்து தண்டுவடம்வரை இறங்கும் அந்த நீலக் கற்றைதான் கைக்குக் கட்டளை கொண்டுபோகும் வாய்க்கால். ரைல் சாராயத்தில் ஊறவைத்து உரித்த இழைகளை இப்போது தூங்கும் குழந்தையிடம் பார்க்க முடிந்தது.

தூங்கும் குழந்தை என்பது சும்மா சொன்னதில்லை. உலகின் பல மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைக்கு எம்ஆர்ஐ எடுக்கும் வழி, வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, காதை மூடித் தூங்கவிடுவதுதான். அப்படிச் செய்தால் பல குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படுவதில்லை.

பக்கவாதம் வந்த இடம் டிஃப்யூஷன் படத்தில் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே வெள்ளையாக ஒளிரும். செல்கள் வீங்கி, தண்ணீர் அசைய இடமின்றிச் சிறைப்படுவதால் அந்த ஒளிர்வு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் லிண்டா டி வ்ரீஸ் குழுவினர் 2005இலும், கனடாவில் ஆடம் கிர்ட்டன் குழுவினர் 2007இலும் இன்னொன்றைக் கவனித்து எழுதினார்கள். சில குழந்தைகளிடம் அந்த வெள்ளை, அடைபட்ட இடத்தோடு நிற்காமல் கீழே இறங்கும் கற்றையின் வழியே நடுமூளைவரை கோடாக நீண்டிருந்தது. வாலர் தவளையிடம் கண்ட சிதைவு, தொடங்கும்போதே படத்தில் சிக்கியிருந்தது. அந்தக் கோடு நீண்டிருந்த குழந்தைகளுக்கே பின்னாளில் கை விளங்காமல் போகும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. பெரிய பாதிப்பு இருந்தும் கோடு இறங்காத குழந்தைகள் பலர் இரண்டு கைகளாலும் விளையாடினார்கள். நிறைமாதத்திலேயே கொழுப்புறை போர்த்தியிருக்கும் என்று முன்பு பார்த்த இடமே இந்தக் கோட்டைத் தேடுவதற்கு வாகான இடமாகவும் அமைந்தது.

அந்த வெளிச்சம் நிலைப்பதில்லை. ஒரு வாரம் போனால் மங்கத் தொடங்கும். பிறகு எடுக்கும் டிடிஐ வேறொன்றைச் சொல்லும்: அடிபட்ட கற்றை மெலிந்திருக்கும், தண்ணீர் ஒரே திசையில் ஓடும் கட்டுப்பாடு அதில் குறைந்திருக்கும். குறைவு எவ்வளவோ, கையின் திறனும் பெரும்பாலும் அதற்கேற்பக் குறைந்திருப்பதை அளவைகள் காட்டின. டிடிஐக்கும் கண் மறைக்கும் இடங்கள் உண்டு. இரண்டு கற்றைகள் குறுக்காகக் கடக்கும் இடத்தில் கணக்கு குழம்பும். திரையில் தெரியும் நூலும் நேரே எடுத்த நரம்பின் படமாகாது; தண்ணீரின் அசைவிலிருந்து கணக்கிட்டு வரைந்த கோடு அது. அதனால் உண்மையான திசுவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை இன்னும் நடக்கிறது. வளரும் மூளையைத் திசுவிலேயே பார்க்கும் வேலைக்குச் சென்னையும் ஒரு களம். ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில், கருவில் நடுமாதங்களில் இருக்கும் மூளையின் 5,132 நுண்சீவல்களைப் படமாக்கி உலகுக்குத் திறந்துவைத்தது. செல் செல்லாகப் பார்க்கக்கூடிய வரைபடம் அது.

முன்கூட்டித் தெரிந்து என்ன பயன் என்ற கேள்விக்கு, ராமமூர்த்தி பயின்ற அதே நியூகாசிலிலிருந்து ஒரு விடை வந்தது. பிறந்த குழந்தையின் மூளையில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு கைகளுக்கும் இழை அனுப்புகிறது என்று ஜேனட் ஐர் தம் ஆய்வுகளில் காட்டினார். முதல் இரண்டு ஆண்டுகளில் அவை ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. வேலை செய்யும் இழை நிலைக்கிறது, சும்மா இருக்கும் இழை பின்வாங்குகிறது. அடிபட்ட பக்கத்தில் மிச்சம் இருக்கும் இழைகள் வேலையின்றிக் கிடந்தால், அவை தண்டுவடத்தில் பிடித்திருந்த இடத்தை நல்ல பக்கம் எடுத்துக்கொள்ளும். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் தன் முறையைத் தவறவிட்டவரின் மடை பக்கத்து வயலுக்குத் திரும்புவது போலத்தான் இதுவும். ஆகவே பயிற்சி முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. நல்ல கைக்குத் தினமும் சிறிது நேரம் உறை மாட்டிவிட்டு, விளங்காத கைக்கு எட்டும்படி பொம்மையை வைத்து விளையாட்டுக் காட்டும் முறை இப்போது கைக்குழந்தைகளுக்கும் வந்திருக்கிறது.

இன்று காவிரிப் படுகையில் இதற்கான படிக்கட்டுகள் பல உண்டு. தஞ்சையில் மிராசுதார்களின் பெயரைத் தாங்கி நிற்கும் ராசா மிராசுதார் மருத்துவமனையில் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் சிகிச்சை நடக்கிறது. திருவாரூரில் 2010இலும் நாகப்பட்டினத்தில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தன. தஞ்சையிலும் கும்பகோணத்திலும் எம்ஆர்ஐ எடுக்க முடிகிறது. பிறந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஒரு கை மட்டும் தாளம் போட்டதுபோல் விடாமல் வெட்டினால், மூச்சு சற்று நின்று வந்தால், அது மாந்தம் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோனால், அந்த முதல் வார வெளிச்சத்தைப் பிடித்துவிடலாம்.

ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் இழுப்பு வருவதில்லை. பலர் அமைதியாக வீடு போய்ச் சேருகிறார்கள். தடுப்பூசி அட்டையின்படி குழந்தை 6, 10, 14ஆம் வாரங்களில் ஊசிக்கு வருகிறது. அதற்குப் பிறகு ஊசி 9ஆம் மாதத்தில்தான். கை தன் குறையைக் காட்டத் தொடங்கும் நான்காம், ஐந்தாம், ஆறாம் மாதங்கள் சரியாக அந்த இடைவெளியில் விழுகின்றன.

அந்த நாட்களில்தான் படுகையின் வீடுகளில் சோறூட்டும் சடங்கும் நடக்கிறது. தாய்மாமன் மடியில் குழந்தையை வைத்து, குழைந்த பச்சரிசிச் சோற்றைத் தட்டில் இட்டு, சொந்தபந்தம் எல்லாம் சுற்றி உட்காருகிறது. குழந்தை தட்டை நோக்கிப் பாய்கிறது. முதலில் நீண்ட கையைச் சிறிது நேரம் மெல்லப் பிடித்துக்கொண்டால் மற்ற கை தட்டுக்கு வருகிறதா, விரல் விரிகிறதா என்று சுற்றியிருக்கும் அத்தனை கண்களும் பார்த்துவிடும். வரவில்லையென்றால், அந்த வாரத்திலேயே குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.